ஈயத்துக்குத் தாழ்வு, வெள்ளிக்கு மட்டம்

"இப்ப வெள்ளி சார்" என்றார் நாகரத்தினம்மா.

நான் டெலஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தேன். எட்டடி தூரத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் தராசின் முள் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. முள்ளுக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு. மற்றபடி அறை முழுக்க இருட்டு. முள்ளும் அதன் பின்னால் இருந்த கோடுகளும்தான் எனக்குத் தெரியும், தட்டு தெரியாது. முள் ஒரு பக்கம் போய்த் திரும்பும் இடத்தைச் சொன்னேன். மறுபக்கம் திரும்பும் இடத்தையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

பெட்டிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. இடுக்கி எதையோ தொடும் சத்தம். பிறகு கதவு மூடும் சத்தம்.

"இப்ப ஈயம் சார்."

மறுபடியும் படித்துச் சொன்னேன். இப்படியே பத்து முறை நடந்தது. வெளியே மார்கழிப் பனி இன்னும் கலையவில்லை. கழுத்தில் சுற்றியிருந்த கம்பளித் துண்டு ஈரவாடை அடித்தது. எனக்குக் கொஞ்சம் அலுப்பாகவும் இருந்தது.

முந்தைய நாள்தான் அவர் கேட்டிருந்தார். "சார், நாளைக்குக் காலையில எனக்காகப் பத்து வாட்டி முள்ளு பாத்துச் சொல்வீங்களா? எதுக்குன்னு அப்பறம் சொல்றன்." மாதம் முடிய நாலு நாள்தான் இருந்தது. மாதம் முடிந்தால் அவருக்கு வேலை இல்லை. போகிறவர் கேட்கிறார், செய்துகொடுப்போமே என்ற பெருந்தன்மையில் சரி என்றேன். அந்தப் பெருந்தன்மையை இப்போது நினைத்தால் காது மடல் சுடுகிறது.

கல் வீடு

எங்கள் ஆய்வுக்கூடம் பெங்களூரில் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு பட்டறை வந்து சேர்ந்தது. அங்கே சம்மட்டி விழும்போதெல்லாம் இங்கே தராசு முள் துள்ளும். நுட்பமான எடை பார்க்கும் வேலையை மட்டும் எங்காவது அமைதியான ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று எங்கள் தலைவர் முடிவு செய்தார். நாங்கள் அவரை டாக்டர் என்றுதான் சொல்வோம். அப்படித்தான் ஓசூரில், தொரப்பள்ளி போகும் சாலையில், ஒரு பழைய கல் வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள்.

தராசு வைக்க கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய கருங்கல் வந்தது. தரையைத் தோண்டி, வீட்டின் சுவரையோ தளத்தையோ தொடாமல், அதைத் தனியாக நட்டார்கள். அப்படியும் பாரவண்டி போனால் முள்ளுக்குத் தெரிந்துவிடும். அதனால் சந்தை நாளில் எங்கள் தராசுக்கு விடுமுறை. சந்தைக்கு வருகிறவர்கள் மூன்று பாஷையில் மாட்டை அதட்டிக்கொண்டு போவார்கள். நாங்கள் வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்போம்.

வேலை பார்த்தது இரண்டே பேர். நான் நிரந்தர வேலைக்காரன், சீனியர். நாகரத்தினம்மா தற்காலிகம். பெங்களூரில் பி.எஸ்ஸி. படித்தவர். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், என்னிடம் தமிழ். கல்யாணமான இரண்டாம் வருஷமே கணவரை இழந்தவர். ஓசூரில் ஒரு வாத்தியார் வீட்டின் பின்கட்டில் ஓர் அறை எடுத்திருந்தார். அண்ணன் ஒருவர் நாட்றாம்பாளையத்தில் காட்டோரமாக ராகி விதைத்துக்கொண்டிருந்தார்.

"வேலை போனா என்ன செய்வீங்க?" என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

"அண்ணன் வூட்டுக்குத்தான் போவணும். அவரு சோறு போடுவாரு சார். சோத்துக்காக நான் இங்க வரல" என்றார்.

நாலு ரக மாம்பழம்

போன வாரம் இந்தத் தொடரில் ஈயத்தின் அணு எடை என்று ஒரு வரி எழுதிவிட்டேன். 'ஈயம் எங்கும் ஈயம்தானே, அதன் எடையை ஊர் ஊராக ஏன் அளக்க வேண்டும்?' என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான்.

கிருஷ்ணகிரியில் ஒரு கூடை மாம்பழம் வாங்குகிறீர்கள். உள்ளே நாலு ரகம் கலந்திருக்கிறது. எல்லாமே மாம்பழம்தான், ஆனால் ரகத்துக்கு ரகம் ஒரு காயின் எடை வேறு. கூடையை நிறுத்து, காய்களை எண்ணி வகுத்தால் சராசரி எடை வரும். பெரிய ரகம் அதிகமாக இருந்தால் சராசரி ஏறும். சின்ன ரகம் அதிகமானால் இறங்கும். ஈயமும் அப்படித்தான். அதில் நாலு ரக அணுக்கள் உண்டு. குணத்தில் எல்லாம் ஒன்று, எடையில் வேறு. ஐசோடோப்பு என்கிறார்களே, அது இதுதான்.

எந்த மலை, எவ்வளவு பழைய பாறை என்பதைப் பொறுத்து இந்தக் கலவை மாறும். எங்களுக்கு வந்திருந்தது இந்தப் பக்கத்து மலை ஒன்றில் கிடைத்த ஈயக் கல். அதன் ஈயத்தைச் சுத்தமாகப் பிரித்து, அணு எடையை மூன்றாவது தசம இடம் வரை சொல்ல வேண்டும். அதே ஈயத்தில் கொஞ்சம் வெளிநாட்டுக்கும் போயிருந்தது. அங்கே நாலு ரகத்தையும் தனித்தனியாகப் பிரித்து எண்ணும் இயந்திரம் இருந்தது. அவர்கள் எண்ணியும் நாங்கள் நிறுத்தும் ஒரே விடை வந்தால்தான் இரண்டு பேரும் யோக்கியர்கள்.

இதற்குள் ஒரு கூத்தும் உண்டு. அந்தக் காலத்தில் எடைக்கு அடிப்படையாக வைத்த ஆக்சிஜன் வேதியியல்காரர்களுக்கு ஒன்று, இயற்பியல்காரர்களுக்கு வேறொன்று. ஒரே வீட்டில் இரண்டு படி வைத்து அளந்த மாதிரிதான். ஒருவர் கணக்கை மற்றவர் கணக்குக்கு மாற்றாமல் பேசவே முடியாது.

எங்கள் முறை பழையது. ஈயத்தைக் குளோரின் சேர்ந்த உப்பாக மாற்றி நிறுப்போம். அந்த உப்பிலுள்ள குளோரின் முழுவதையும் பிடித்துக்கொள்ள எவ்வளவு வெள்ளி வேண்டும் என்று பார்த்து, அந்த வெள்ளியையும் நிறுப்போம். இரண்டு எடைக்கும் உள்ள விகிதத்திலிருந்து ஈயத்தின் அணு எடை வந்துவிடும். ஈயம், வெள்ளி, இரண்டு நிறுவை. சொல்வதற்கு அவ்வளவுதான், செய்வதற்கு எட்டு மாதம் ஆயிற்று.

இரண்டு விடை

டாக்டர் ஒரு விதி வைத்திருந்தார். நானும் நாகரத்தினம்மாவும் தனித்தனியாக முழு வேலையையும் செய்ய வேண்டும். ஒருவர் கணக்கை மற்றவர் பார்க்கக் கூடாது. ஆனால் நான் சீனியர் அல்லவா? நான் முள் பார்க்கும்போது தட்டில் வைக்கவும் எழுதவும் அவர் உதவினார். அவருடைய முறை வந்தபோது அவரே வைத்து, அவரே எட்டடி நடந்து வந்து பார்த்து, அவரே எழுதிக்கொண்டார். அதில் தப்பு இருப்பதாக எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.

கடைசியில் இரண்டு நோட்டையும் டாக்டர் மேசையில் விரித்தார். என் விடை அவர் விடையைவிட மூன்றாவது தசமத்தில் இரண்டு குறைவு. மூன்றாவது தசமத்தில் இரண்டுக்குத் தலையா போய்விடும் என்று நீங்கள் கேட்கலாம். அங்கே தலை போகும்.

"ஏன்ரீ, ரிப்போர்ட்டுல ரெண்டு நம்பர் போட முடியாது" என்றார் டாக்டர். கன்னடக்காரர். தமிழை அளந்து பேசுவார். "உங்க அஞ்சு ரிசல்ட்டும் ஒண்ணுக்கொண்ணு அழகா ஒட்டிப் போகுது. அவங்களதும் ஒட்டித்தான் போகுது, ஆனா தனி ஆளா ஓடி ஓடிப் பார்த்திருக்காங்க. கை நடுங்கியிருக்கும், கண் களைச்சிருக்கும். உங்களதை வெச்சுக்கலாம்."

அதோடு நிற்கவில்லை. தற்காலிக வேலையை நீட்டிக்கக் காரணம் இல்லை என்றும் சொன்னார். நாகரத்தினம்மா நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தன் நோட்டை எடுத்துக்கொண்டு, "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பரிதாபமாக இருந்தது. அதற்குள் ஓரமாகக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

மண்டித் தராசு

என் கையைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமை. காவேரிப்பட்டினத்தில் என் அப்பாவுக்குப் புளி மண்டி. பக்கத்துக் கடை சித்தப்பாவின் வெள்ளிக் கடை. கல்லூரி விடுமுறை முழுக்க இரண்டு கடையிலும் நான்தான் நிறுவை. 'இவன் பிறக்கும்போதே தராசோடு பிறந்தவன்' என்று சித்தப்பா சொல்வார். அதை நான் ஓசூரிலும் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு கடைக்கும் நிறுவை ஒன்றல்ல. புளியோ பருப்போ நிறுத்தால் சரக்குத் தட்டு ஒரு நூல் தாழ்ந்துதான் நிற்க வேண்டும். சரியாக மட்டத்தில் நிறுத்திக் கொடுத்தால் வாங்குகிறவர் முகம் சுருங்கும். கஞ்சன் கடை என்று பேர் வரும். அந்தத் தாழ்வு கொசுறு, எடையில் சேராது. ஒரு வீசை என்றால் தட்டு தாழ்ந்த ஒரு வீசைதான் ஒரு வீசை.

வெள்ளிக் கடையில் இந்தப் பேச்சே கிடையாது. முள் நட்ட நடுவில் நிற்க வேண்டும். ஒரு மயிரிழை சாய்ந்தாலும் சித்தப்பா மறுபடி நிறுக்கச் சொல்வார்.

எனக்கு இந்த இரண்டு பழக்கமும் யோசிக்காமலே வரும். புளியைக் கண்டால் கண் ஒரு மாதிரி பார்க்கும், வெள்ளியைக் கண்டால் வேறு மாதிரி பார்க்கும்.

ஜன்னலைத் திறந்தார்

முள் பார்த்துச் சொன்ன அந்த வியாழக்கிழமைக் காலைக்கு வருகிறேன். பத்தாவது முறையும் சொல்லி முடித்தேன். "போதுங்களா?" என்றேன்.

நாகரத்தினம்மா ஜன்னலைத் திறந்தார். வெளிச்சம் வந்தது. "இங்க வந்து பாருங்க சார்."

போய்ப் பார்த்தேன். இடது தட்டில் மூடிய கண்ணாடிச் சீசா ஒன்று. உள்ளே சுத்தமான மணல். வலது தட்டில் எடைக்கற்கள்.

"வெள்ளி எங்கே?" என்றேன்.

"வெக்கவே இல்லைங்க."

"ஈயம்?"

"அதுவும் இல்லைங்க சார். காலையிலருந்து தட்டுல இருக்கறது இந்த ஒரே சீசாதான். கதவைத் தொறந்து தொறந்து மூடினன். இடுக்கிய மட்டும் சும்மா தட்டினன். வேற ஒண்ணும் பண்ணல."

நோட்டை நீட்டினார். வெள்ளி என்று சொன்ன ஐந்து முறையும் நான் சொன்ன எண்கள் ஒரு வரிசையில் இருந்தன. ஈயம் என்று சொன்ன ஐந்தும் இன்னொரு வரிசையில் இருந்தன. ஒரே சீசா, ஒரே கல், ஒரே முள். ஆனால் ஈயம் என்றபோதெல்லாம் இரண்டு கோடுகளுக்கு நடுவில் கண்ணால் மதிக்கும் அந்தக் கடைசிப் பங்கை நான் குறைத்தே சொல்லியிருந்தேன். சரக்குப் பக்கம் முள் காட்டிய அந்த நூலளவை, கொசுறு என்று தள்ளிவிட்டிருந்தேன். ஐந்துக்கு ஐந்து முறை.

அவர் கீழே கணக்கும் போட்டிருந்தார். அந்தக் குறைவை எடுத்துச் சரிசெய்தால் என் விடை அவருடைய விடையில் போய் நின்றது.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றேன்.

"எட்டு மாசமா நீங்க சொல்லச் சொல்ல எழுதறன் இல்லீங்களா? வெள்ளின்னா டக்குன்னு சொல்லிடுவீங்க. ஈயம்னா ஒரு மூச்சு விட்டுட்டுச் சொல்வீங்க. அந்த மூச்சுல என்னமோ இருக்குதுன்னு தோணிச்சு. அது என்னான்னு எனக்குத் தெரியலைங்க."

எனக்குத் தெரிந்தது. வெள்ளி என்ற பேரைக் கேட்டால் சித்தப்பா கடைக் கண், மற்ற எந்தச் சரக்குக்கும் மண்டிக் கண். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அது ஆய்வுக்கூடத்துக்குள்ளும் கூடவே வந்திருந்தது. என் ஐந்து விடையும் ஒன்றோடொன்று ஒட்டிப் போனதன் ரகசியமும் அதுதான். ஒரே தப்பைப் பிசகாமல் ஐந்து முறை செய்திருந்தேன். மண்டி, புளி, தட்டின் தாழ்வு எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நோட்டை மூடினார்.

சனிக்கிழமை

டாக்டர் சனிக்கிழமை காலை ஜீப்பில் வந்தார். டைப் செய்த அறிக்கையை மேசையில் வைத்தார். முதல் பெயர் அவருடையது, இரண்டாவது என்னுடையது. அச்சில் என் பெயர் வரப்போவது அதுதான் முதல் முறை.

நாகரத்தினம்மா நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கதவருகே நின்றார். என்னைப் பார்த்தார். ஒரே ஒருமுறைதான் பார்த்தார்.

நான் வாய் திறக்கவில்லை. திங்கட்கிழமை சொல்லலாம், கடிதமாக எழுதலாம், இன்னொரு முறை சோதித்துவிட்டுச் சொல்லலாம் என்று மனசு வரிசையாகச் சாக்குகளை எடுத்துக் கொடுத்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். ஜீப் போய்விட்டது. என் வாழ்நாளில் நான் செய்த கோழைத்தனங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. அதில் முதலில் இருப்பது இதுதான்.

"நீங்களாவது நோட்டைக் காட்டியிருக்கலாமே" என்றேன், அவர் மீதே பழியைப் போடுகிறவன் மாதிரி.

"நான் சொன்னா அது புகாரு சார்" என்றார். "நீங்க சொன்னாத்தான் அது ரிசல்ட்டு."

பஸ் நிற்கும் இடம்

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் போட்ட கையெழுத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் பெங்களூர் போய்விடுவது என்று கிளம்பினேன். பஸ் நிற்கும் இடத்தில் நாகரத்தினம்மா நின்றிருந்தார். காலடியில் தகரப் பெட்டி. பக்கத்தில் தலைப்பாகை கட்டிய உயரமான மனிதர். அண்ணன் என்று அறிமுகம் செய்தார்.

"பதம்மா, போலாம், பஸ்ஸு வந்திடும்" என்று பெட்டியைத் தூக்கினார் அண்ணன்.

"இன்னிக்கு ஒரு நாள் இருங்க" என்றேன் அவரிடம்.

"எதுக்குங்க? வேலை முடிஞ்சிபோச்சின்னு சொல்லுச்சே."

"முடியல. தப்பு உங்க தங்கச்சிது இல்லீங்க. என்னுது. அதைச் சொல்லத்தான் பெங்களூருக்குப் போறேன்."

முதன்முதலாக அதை வாய்விட்டுச் சொன்னது டாக்டரிடம் இல்லை, ஒரு ராகி விவசாயியிடம். என்ன தப்பு என்று கேட்டார். சொன்னேன். காவேரிப்பட்டினம் மண்டி என்றதும் அவர் முகம் மாறியது. பெட்டியைக் கீழே வைத்தார்.

"காட்டுப் புளிய அந்த மண்டித் தெருவுக்குத்தாங்க நாங்க கொண்டாறது" என்றார். "நீங்க விக்கறப்பத் தட்டு தாழும், சரி. எங்ககிட்ட வாங்கறப்பவும் தாழத்தானே செய்யுது? அந்தத் தாழ்வை எந்தக் கணக்குல எழுதறீங்க?"

நிஜம்தான். வாங்கும்போதும் சரக்குத் தட்டைத் தாழ விட்டுத்தான் நிறுப்போம். விற்கும்போது அதற்குப் பேர் தாராளம். வாங்கும்போது அதற்கு நாங்கள் பேரே வைத்ததில்லை. நாகரத்தினம்மா அண்ணனிடம் தெலுங்கில் மெதுவாக ஏதோ சொன்னார். பிறகு பெட்டியைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"சாயங்கால பஸ்ஸு வரைக்கும் இருக்கறோம்" என்றார் அண்ணன்.

டாக்டர் கேட்ட கேள்வி

டாக்டர் நோட்டை இரண்டு முறை பார்த்தார். நான் மண்டிக் கதையைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"சனிக்கிழமை இது உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும் சார்."

அதற்கு மேல் அதைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அறிக்கையை எடுத்து என் எண்ணை அடித்தார், என் பெயரை அடித்தார், நாகரத்தினம்மாவின் பெயரை எழுதினார். நியமன நீட்டிப்புக் கடிதத்தை அங்கேயே டைப் செய்யச் சொன்னார். கவரை என்னிடம் நீட்டி, "இனிமே அவங்க முள்ளு பார்க்கட்டும். நீங்க தட்டில வைங்க, எழுதுங்க" என்றார்.

சாயங்காலம் ஓசூரில் இறங்கியபோது இருவரும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கவரை வாங்கிப் படித்துவிட்டு நாகரத்தினம்மா தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வாத்தியார் வீட்டுப் பக்கம் நடந்தார். அண்ணன் என்னைப் பார்த்து ஒரு தலையசைப்போடு, ஊருக்குப் போகும் அஞ்செட்டி பஸ்ஸில் ஏறினார்.

பல மாதங்கள் கழித்து வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தது. நாலு ரகத்தையும் எண்ணிச் சொல்லியிருந்தார்கள். சராசரி போட்டு, ஆக்சிஜன் தகராறையும் தீர்த்துப் பார்த்தால், நாகரத்தினம்மாவின் எண்ணுக்கு ஒட்டி வந்தது. எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

முதல் நாள்

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது அந்தக் கடிதம் இல்லை. அதற்கு முன்னால், இடம் மாறி உட்கார்ந்த முதல் நாள்.

ஜன்னலை மூடினேன். அவர் டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தார். நான் இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்துப் பெட்டியை மூடினேன். எட்டு மாதம் அவர் எனக்குச் சொன்ன மாதிரியே, "இப்ப வெள்ளி" என்று ஆரம்பித்தேன்.

"சொல்லாதீங்க சார்" என்றார் இருட்டுக்குள்ளிருந்து.

"உங்களுக்குத்தான் அந்தப் பழக்கம் கிடையாதே" என்றேன்.

"அது கிடையாதுங்க. வேற ஏதாச்சும் இருக்கும். என்னான்னு எனக்கும் தெரியாது. தட்டுல என்ன இருக்குதுன்னு சொல்லாமலே வைங்க."

அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் யாருக்கும் எதை நிறுக்கிறோம் என்று சொன்னதில்லை. நான் பேசாமல் அடுத்ததை எடுத்துத் தட்டில் வைத்தேன். அவர் ஒரு எண்ணைச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.